வள்ளலார் வழி, தென்னாப்பிரிக்காவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கங்களில் சன்மார்க்க வழிபாட்டுக்கும் அன்னதானத்துக்கும் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். பசியைப் பற்றிய கேள்விகளுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறோம். வள்ளலாரும் அந்த இடத்தில்தான் நின்று விரித்துப் பேசினார்.

வள்ளலார் யார்?

இராமலிங்க சுவாமிகள். 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை, தாய் சின்னம்மை. வளர்ந்தது சென்னை ஏழுகிணறு பகுதியில். கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்த் தியாகராசரையும் பாடிய இளமை அது. 1858இல் சென்னையை விட்டு வடலூருக்குப் பக்கத்திலுள்ள கருங்குழிக்கு வந்தார். 1865இல் சன்மார்க்க சங்கம், 1867 மே 23இல் பசித்தவருக்கு உணவிடும் சத்திய தருமச்சாலை, 1872 தைப்பூசத்தன்று ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை என்று ஒவ்வொன்றாக நிறுவினார். 1874 ஜனவரி 30 இரவு மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். பிறகு திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது.

கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் அவரை அறிந்திருப்பார்களா?

தோட்டத் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அப்போது தருமச்சாலையே கிடையாது. வள்ளலாரின் பாடல் தொகுப்பான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறியது 1867இல். சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் நேருக்கு நேர் கேள்வி கேட்கிற ஆறாம் திருமுறை 1885இல்தான் வெளிவந்தது. ஆகவே முதல் கப்பல்காரர்கள் மாரியம்மனையும் முருகனையும் திரௌபதி அம்மனையும் கொண்டு வந்தார்கள். வள்ளலார் பின்னால் வந்து சேர்ந்தார். இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏற்கெனவே வேர்விட்ட வழிபாட்டுக்கு நடுவில்தான் இந்த நெறி இங்கே நடக்கிறது. பாதிக் கேள்விகள் எழுவதும் அந்தக் காரணத்தால்தான்.

அவர் சொன்னதில் தலையாயது எது?

சீவகாருணிய ஒழுக்கம், அதாவது உயிர்களிடம் இரங்கி நடப்பது. உயிர்களுக்கு வரும் துன்பத்தைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக எண்ணுகிறார். இவற்றில் பசியையும் கொலையையும் நீக்குவதே மேலான காருணியம் என்றார். மற்ற ஐந்தும் அடுத்த படி. அதாவது பசித்தவருக்குச் சோறு போடுவதும், ஓர் உயிரைக் கொல்லாமல் விடுவதும் வழிபாட்டுக்குப் பின்னால் செய்யும் தர்மம் அல்ல, அவைதாம் வழிபாடு. ஒரு சங்கம் மாதந்தோறும் விளக்கேற்றி அவர் பாடிய அகவலை ஓதிவிட்டு, பக்கத்துக் குடியிருப்பின் பசியைப் பார்க்காமல் கலைந்துபோனால், அது வள்ளலார் படத்தை வைத்திருக்கும் இன்னொரு பஜனைக்குழு என்பதே எங்கள் கருத்து.

தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே சாதி பெரும்பாலும் கரைந்துவிட்டதே. சாதி மறுப்பு இங்கே எதற்கு?

கப்பலும் தோட்டத்து லயக் குடியிருப்பும் சாதியைப் பெருமளவு கரைத்தது உண்மை. அந்த இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்தது. 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் இந்தியரைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும், ஆப்பிரிக்கரைத் தனித் தனி டவுன்ஷிப்புகளுக்கும் தள்ளியது. சட்டம் போய்விட்டது, வேலி மனத்தில் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் அது உயிர்களைக் குடித்தது.

வள்ளலாரின் சொற்களை எடுத்துப் பாருங்கள். பசித்து வந்தவரிடம் தேச வேறுபாடு, சமய வேறுபாடு, சாதி வேறுபாடு, செய்கை வேறுபாடு எதையும் விசாரிக்கக் கூடாது. எல்லா உயிரிலும் கடவுள் விளக்கம் பொது என்று கண்டு உணவு தர வேண்டும். தேச வேறுபாடு என்று தனியாகவே சொல்லியிருக்கிறார். ஜிம்பாப்வேயிலிருந்தும் மலாவியிலிருந்தும் பிழைக்க வந்து, அடையாள அட்டை இல்லாமல் தெருமுனையில் நிற்பவருக்கும் அது பொருந்தும். செய்கை வேறுபாடு என்றால், போதைக்கு அடிமையானவர் என்று தெரிந்தும் தட்டை நீட்டுவது. எல்லா உயிரும் உறவு என்னும் ஆன்மநேய ஒருமைப்பாட்டைக் கோயில் மேடையில் பேசுவது எளிது. அதற்குச் சோதனை இந்த வரிசையில்தான்.

அன்னதானத்தை எங்கே, எப்போது வைப்பது?

பெரும்பாலானோர் செய்யும் பிழை, கோயில் வளாகத்தில் திருவிழா நாளில் வைப்பது. அன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் சமைத்துச் சாப்பிடக்கூடியவர்கள். அது விருந்து, தவறில்லை, ஆனால் பசி ஆற்றுவது என்று அதைக் கணக்கில் எழுதாதீர்கள்.

அரசு உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் வழங்கப்படுகிறது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பல வீடுகளில் மாவுப்பை காலியாகிவிடும். ஆகவே மாதம் ஒரு முறைதான் முடியும் என்றால் கடைசி வாரத்தில் வையுங்கள். பள்ளி நாள்களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உணவு கிடைக்கிறது. டிசம்பர் விடுமுறையில் அது நின்றுவிடும். நாமும் ஊருக்கும் கடற்கரைக்கும் போகிற மாதம் அதுதான். ஆள் குறைவாக இருந்தாலும் அந்த வாரங்களை விடாமல் நடத்த முறை போட்டுக்கொள்ளுங்கள்.

இடம், வேலிக்கு அந்தப் பக்கமாக இருக்கட்டும். ஃபீனிக்ஸில் இருப்பவர்களுக்கு இனாண்டாவும் பம்பாயியும் பக்கம்தான். முதலில் அங்குள்ள வட்டார மன்ற உறுப்பினரிடமோ தேவாலயத்துப் பெரியவரிடமோ பேசி, அவர்கள் ஆட்களையும் பரிமாற அழைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வண்டியில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்களாக நாம் தோன்றினால் தள்ளுமுள்ளுதான் மிஞ்சும். அந்த ஊர்க்காரர் கையால் பரிமாறினால் வரிசை தானாக நிற்கும். உணவுக்கு முன் பிரார்த்தனையில் உட்காரச் சொல்லாதீர்கள். சாப்பிடுகிறவர் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள்.

100 பேருக்கு என்ன சமைப்பது? அளவு என்ன?

வடலூர்த் தருமச்சாலையின் அணையா அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். நமக்கு மூன்றுகால் இரும்புச் சட்டிகள் இரண்டும் ஒரு பெரிய தேக்சாவும் இருந்தால் போதும். விறகோ கேஸோ வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு வந்தால் மின்னடுப்பு கைவிட்டுவிடும்.

மூன்று உணவுகளைச் சொல்கிறோம். மூன்றும் இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் சாப்பிடுகிறவை. தெரியாத சாம்பாரைக் கொண்டு போய் வைப்பதைவிட, தெரிந்த உணவைப் புலால் இல்லாமல் நன்றாகச் செய்து கொடுப்பது மேல்.

பீன்ஸ் பன்னி: ரொட்டி 25, காய்ந்த சுகர் பீன்ஸ் 6 கிலோ, உருளைக்கிழங்கு 5 கிலோ, வெங்காயம் 2 கிலோ, தக்காளி 3 கிலோ. ஒரு ரொட்டியை நான்காக வெட்டி நடுவைக் குடைந்து கறியை ஊற்றுவது. தட்டும் கரண்டியும் வேண்டாம் என்பதால் தெருவில் கொடுக்க இதைப்போல வசதி வேறில்லை.

சாம்பும் பீன்ஸும்: உடைத்த வெள்ளை மக்காச்சோளம் ஏழரை கிலோ, சுகர் பீன்ஸ் மூன்றரை கிலோ. இரண்டையும் இரவே ஊறவைக்க வேண்டும். வேக இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஜூலைக் குளிரில் இது நெடுநேரம் வயிற்றில் நிற்கும்.

காலைக் கஞ்சி: மீலிமீல் (மக்காச்சோள மாவு) 3 கிலோ, தண்ணீர் 30 லிட்டர், ஆளுக்கு ஏறத்தாழ 300 மில்லி வரும். புளித்த கஞ்சி வேண்டுமானால் முந்தின நாளே மாவை 6 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து மூடி வையுங்கள். டர்பன் கோடையில் 12 மணி நேரம் போதும். குளிர்காலத்தில் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். ஆடிக்கூழ் காய்ச்சத் தெரிந்த பாட்டிமார் இருக்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமையலில் எது பிழையாகப் போகும்?

பீன்ஸ் வேகாமல் போவதுதான் முதலில். நம் கறிப்பழக்கம் வெங்காயம் வதக்கி, தக்காளி போட்டு, அதில் பயறைக் கொட்டுவது. தக்காளியின் புளிப்பு பீன்ஸின் தோலை இறுக்கிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நடு மாவாகாது. பீன்ஸைத் தனியே மெத்தென வேகவைத்த பின்பே தக்காளியில் சேருங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், முதல் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். சிறு தீயில் மட்டுமே வைத்து அரைவேக்காடாக இறக்கினால், அதிலிருக்கும் நச்சுப்பொருள் வயிற்று வலியும் வாந்தியும் தரும். நூறு பேருக்கும் ஒரே சட்டி என்பதை நினைவில் வையுங்கள்.

கஞ்சியில் மாவை நேரே கொதிநீரில் தூவினால் கட்டி தட்டும். குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். தயிரோ அமாசி என்னும் புளித்த பாலோ சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் திரிந்துபோகும். இரும்புச் சட்டியில் அடிப்பிடிப்பது கிளறாததால் மட்டும் அல்ல. கொதி வந்ததும் அடியிலுள்ள தணலை வெளியே இழுக்காததால்.

தெருவில் கொடுக்கப் பிரியாணியும் வெறும் சோறும் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கோடையில் மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகி நஞ்சு உண்டாகும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சோறுதான் என்றால் இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடித்துவிடுங்கள்.

புலால் தெரியாமல் நுழையும் வழிகளும் உண்டு. கடையில் விற்கும் சூப்புப் பொடியிலும் சாறுக் கட்டிகளிலும் கோழி, மாட்டுச் சாரம் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜெல்லி மிட்டாயிலும் மார்ஷ்மெலோவிலும் ஜெலட்டின். உறைக்குப் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். இரவல் தேக்சா வாங்கினால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே அடுப்பேற்றுங்கள்.

வீட்டில் தலைமுறையாக மாரியம்மனுக்குச் சேவலும் ஆடும் கொடுக்கிறோம். என்ன செய்வது?

வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியதாக வள்ளலார் பாடிய அதே ‘பிள்ளைப் பெரு விண்ணப்பம்’ என்ற பாடல் தொகுதியில், ஆடும் பன்றியும் கோழியும் பலிக்கு நடத்திக்கொண்டு போகப்படுவதைக் கண்டு உள்ளம் நடுங்கியதையும் பாடுகிறார். இதில் அவருடைய நிலை ஐயத்துக்கு இடமில்லாதது: கொலை கடவுளுக்கு ஏற்காது.

ஆனால் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சண்டையாக எடுத்துச் சென்றவர்கள் யாரும் வென்றதில்லை. அவர்கள் அஞ்சுவது அம்மனின் கோபத்துக்கு. பாட்டனார் தோட்டத்தில் நோய் வந்தபோது நேர்ந்துகொண்டதை நிறுத்தினால் குடும்பத்துக்கு ஏதாவது வந்துவிடும் என்ற பயம் அது. அந்தப் பயமும் வள்ளலார் எண்ணிய ஏழு துன்பங்களில் ஒன்று என்பதை மறக்கக்கூடாது. முதலாண்டு பலி மட்டும் நிற்கட்டும். கரகம், வேப்பிலை, கூழ் எல்லாம் இருக்கட்டும். வெட்டுகிற இடத்தில் பூசணியோ எலுமிச்சையோ வைப்பதைப் பெரியவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆட்டுக்கு ஆகும் பணத்தில் கூழ்ப்பானையின் அளவைக் கூட்டி, அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் ஊற்றுங்கள். அம்மனுக்கு நேர்ந்ததை ஊர் வயிற்றுக்குக் கொடுத்தோம் என்று பெரியவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

புரட்டாசி முழுதும் மாமிசம் தொடுவதில்லை. அது போதாதா?

இந்த நாட்டுத் தமிழர் புரட்டாசியைக் காக்கிற உறுதி பெரிது. அதைக் குறைத்துப் பேச மாட்டோம். வள்ளலார் பிறந்ததும் அந்த மாதத்தில்தான். ஆனால் அவர் கேட்டது ஒரு மாதத்துக்கு அல்ல. விரதம் முடிந்த மறுநாள் இறைச்சிக்கடையில் நீளும் வரிசையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். தொடங்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை: மாதம் முடிந்ததும் நிறுத்தாமல், அடுத்த மாதத்துக்கும் நீட்டிப் பாருங்கள். பருப்பு, பீன்ஸ், சோயா என்று சமையல் பழகிவிட்ட வீட்டுக்குத் தொடர்வது கடினம் இல்லை.

தைப்பூசத்தில் காவடியா, ஜோதியா?

இரண்டும் ஒரே நாள், குடும்பம் இரண்டாகப் பிரிய வேண்டாம். கந்தகோட்டத்து முருகனைப் பாடியே வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில், சைவ சமயத்தில் முன்பு தமக்கு இருந்த பற்று அளவிட முடியாதது என்றும், அதைக் கடந்து வந்துவிட்டதாகவும் 1873இல் பேருபதேசம் என்னும் உரையில் தாமே சொன்னார். காவடி எடுப்பவரைத் தடுப்பது நம் வேலை அல்ல. மாலையில் அவரையும் பரிமாற அழைப்பது நம் வேலை.

வடலூர் ஞானசபையில் அன்று ஜோதியை மறைக்கும் ஏழு திரைகளும் விலகி ஆறு காலம் ஜோதி தரிசனம் நடக்கும். இந்திய நேரம் காலை 6, 10, பிற்பகல் 1, இரவு 7, 10, மறுநாள் காலை 5.30. நம் நேரம் மூன்றரை மணி பின்தங்கியது. ஆகவே இங்கே அதிகாலை 2.30, காலை 6.30, 9.30, பிற்பகல் 3.30, மாலை 6.30, நள்ளிரவு தாண்டி 2 மணி. நேரலையில் பார்க்கக் குடும்பத்துக்கு ஏற்றது மாலை 6.30. வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை 6.30.

அந்த ஏழு திரைகள் எவற்றைக் குறிக்கின்றன?

கருப்பு மாயாசத்தி, நீலம் கிரியாசத்தி, பச்சை பராசத்தி, சிவப்பு இச்சாசத்தி, பொன் ஞானசத்தி, வெள்ளை ஆதிசத்தி, கலப்பு நிறம் சிற்சத்தி. நம் அறிவை மறைக்கும் திரைகள் ஒவ்வொன்றாக விலகினால் உள்ளே ஒளி தெரியும் என்பதைக் காட்டும் அமைப்பு.

வீட்டில் வழிபாடு எப்படி?

ஒரு விளக்கு, மகாமந்திரம், அமைதி. ஞானசபைக்குக் கண்ணாடி விளக்கைத்தான் அவர் விதித்தார். டர்பன் காற்றுக்கும் அதுவே தோது. திறந்த அகல் சன்னலோரம் நிற்காது. தேங்காய் உடைத்தலும் அர்ச்சனையும் வேண்டாம். “அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி” என்று சேர்ந்து ஓதுங்கள். ஆண், பெண், எந்தக் குடும்பம் என்ற பேதம் விளக்கேற்றுவதில் கூடாது. ஞானசபைக்குள் சென்று பணி செய்ய அவர் வகுத்த தகுதி வயதைப் பற்றியது: பன்னிரண்டுக்கு மேற்படாத சிறுவர், அல்லது எழுபத்திரண்டைத் தாண்டிய பெரியவர். அதை நினைத்து, சங்க விளக்கைப் பிள்ளைகள் கையில் ஒப்படைப்பது நல்ல பழக்கம்.

தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகள் அகவல் ஓத முடியுமா?

முடியும், அவசரப்படாவிட்டால். அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடிகள். ஒரே மூச்சில் ஓத ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகளை முதல் நாளே அதில் உட்காரவைத்தால் மறுவாரம் வரமாட்டார்கள். வாரம் எட்டு அடி. ஆங்கில எழுத்தில் எழுதிய தாளை மட்டும் கொடுத்தால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். அதனால் பெரியவர் ஒருவர் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும். தாள் வீட்டுக்கு நினைவூட்ட மட்டும். ஒவ்வோர் இரண்டு அடியும் பெரும்பாலும் அருட்பெருஞ்ஜோதி என்று முடிவதால் அந்தப் பாதியை எல்லோரும் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். நான்கு ஆண்டில் முழு அகவலும் முடியும்.

இறப்புச் சடங்கில் அவர் சொன்னது என்ன?

உடலைச் சுடாமல் அடக்கம் செய்யச் சொன்னார். கருமாதி, திதி வேண்டாம், அந்த நாளில் ஏழைகளுக்கு உணவிடுங்கள் என்றார். கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் கழற்றக் கூடாது என்றார். மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்ய வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னார். கட்டுப்பாட்டைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றவில்லை. கைம்பெண்ணின் பொட்டையும் தாலியையும் எடுக்கிற காட்சி இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அதை நிறுத்த எந்த அனுமதியும் தேவையில்லை, மூத்த பெண்கள் இருவர் சேர்ந்து நின்றால் போதும்.

அடக்கம் அவ்வளவு எளிதல்ல. இங்கே இந்துக்கள் பெரும்பாலும் தகனமே செய்கிறார்கள். டர்பனில் கல்லறை இடமும் நெருக்கடி. விருப்பம் உள்ளவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுத்தில் வைத்து, பிள்ளைகளிடமும் இறுதிச்சடங்கு நிறுவனத்திடமும் சொல்லிவிட வேண்டும். துக்க வீட்டில் அன்று இந்த விவாதத்தைத் தொடங்கினால் முடிவு தகனம்தான்.

சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா?

இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு சட்டி கஞ்சி ஊற்றப் பதிவு வேண்டாம். வெளியாரிடம் நன்கொடை வாங்கத் தொடங்கியதும் வேண்டும். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமூக மேம்பாட்டுத் துறையில் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதியலாம். எழுதிய விதிமுறை ஒன்றும் பொறுப்பாளர் பட்டியலும் கேட்பார்கள். ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் பதிவு ரத்தாகும். நன்கொடையாளருக்கு வரிவிலக்கு ரசீது கொடுக்க, வரித்துறையிடம் பொதுநல அமைப்பு என்ற ஒப்புதலும் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்கீழ் அனுமதியும் தனியாகப் பெற வேண்டும். நிலையான சமையற்கூடம் வைப்பதானால் நகராட்சிச் சுகாதார அலுவலரை முதலிலேயே அழைத்துக் காட்டுங்கள். தரை, வடிகால், கைகழுவும் தொட்டி இவற்றில் அவர் கேட்கும் மாற்றத்தைக் கட்டடம் முடிந்த பிறகு செய்தால் செலவு இரட்டிப்பு. அரிசி, பீன்ஸ், எண்ணெயாகக் கொடுக்க விரும்புகிறவர்களிடம் அப்படியே வாங்கிக்கொண்டு, பணத்துக்கு எழுதுவதுபோல அதற்கும் எடையிட்டுப் பேரேட்டில் எழுதுங்கள்.